மீண்டும் திறக்கப்படும் புலனாய்வும் நாடு கடந்த ஒப்படைப்பும்: புதுச்சேரியை முன்வைத்து

கேள்வி

குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் கேட்கும்போது கோரிக்கையோடு ஒரு கட்டுத் தாள்களும் போகின்றன. என்ன குற்றம், எந்த நாளில், எந்தச் சட்டப் பிரிவின்கீழ், என்ன சான்றின் பேரில் என்பவை அதில் இருக்கும். கேட்கப்பட்ட நாட்டின் நீதிமன்றம் அந்தத் தாள்களை வைத்தே முடிவெடுக்கிறது. குற்றம் நடந்த இடத்தை அது பார்ப்பதில்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதுமில்லை. ஆகவே அனுப்பப்பட்ட நாளில் வழக்கு எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலையின் மீதே ஒப்படைப்பு முழுவதும் நிற்கிறது.

ஆனால் வழக்குகள் ஒரே நிலையில் நிற்பவை அல்ல. மூடிய கோப்பு திறக்கப்படுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலான பின்னும் புதிய சாட்சிகள் வருகிறார்கள். சிறிய குற்றமாகத் தொடங்கியது பெரிய சதியாக விரிகிறது. பெரிய சதி என்று சொல்லப்பட்டது சில சமயம் சுருங்கியும் போகிறது. இப்படி மீண்டும் திறக்கப்படும் ஒரு புலனாய்வு, எல்லை தாண்டியவரை ஒப்படைக்கும் ஏற்பாட்டை எவ்வாறு பாதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒப்படைப்பு குறித்த இந்திய விவாதம் பெரும்பாலும் இரண்டு திசைகளில் நடக்கிறது. அரசுத் தரப்பு அதை ராஜதந்திர வெற்றியாகவோ தோல்வியாகவோ காண்கிறது. மனித உரிமைத் தரப்பு சிறை நிலை, சித்திரவதை அச்சம், மரண தண்டனை ஆகியவற்றை முன்வைக்கிறது. இரண்டும் தேவையானவையே. தாய்நாட்டில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒப்படைப்பின் உயிரைத் தீர்மானிக்கும் விதம் இவ்விரண்டுக்கும் நடுவே போதிய கவனம் பெறவில்லை. இதைப் பேசப் புதுச்சேரி பொருத்தமான இடம். நூறாண்டுக்கு மேலாகப் பிரிட்டிஷ் இந்தியாவின் வாரண்டுகள் இந்த ஊரின் எல்லையில் வந்து நின்றன. இன்றும் ஒரே குடும்பத்தில் இந்தியக் குடியுரிமையும் பிரெஞ்சுக் குடியுரிமையும் கலந்திருக்கும் ஊர் இது.

1815-இன் வாசகமும் 1910-இன் நடைமுறையும்

பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் தஞ்சம் புகுந்த புதுச்சேரியைச் சுதந்திர மண்ணாக நினைவுகூர்வது நம் வழக்கம். பிரான்சு அரசியல் அகதிகளை ஒப்படைப்பதில்லை, எனவே அவர்கள் தப்பினார்கள் என்பது பொதுவான விளக்கம். ஆவணங்களைப் பார்த்தால் இந்த விளக்கம் பாதிதான் சரி.

நெப்போலியப் போர்களுக்குப் பின் பிரெஞ்சுக் குடியேற்றங்களைத் திருப்பியளித்தபோது, 1815 மார்ச் 7 அன்று இலண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் ஒன்பதாவது பிரிவு நேரடியானது: இந்தக் குடியேற்றங்களுக்கு வெளியே எவர்மீது நீதிமன்ற நடவடிக்கை தொடங்கப்பட்டு, அவர் உள்ளே வந்து அடைக்கலம் புகுந்தாலும், பிரிட்டிஷ் அரசு கேட்டால் அவரை ஒப்படைக்க வேண்டும். மறுதிசையிலும் அதே கடமை உண்டு. அரசியல் குற்றத்துக்கு விலக்கு என்ற சொல்லே அதில் இல்லை. பிரிட்டனும் பிரான்சும் 1876-இல் செய்துகொண்ட ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் அரசியல் குற்ற விலக்கு வந்தது. ஆனால் அதே ஒப்பந்தம், கிழக்கிந்தியப் பகுதிகளில் 1815-இன் ஏற்பாடு மாறாது என்றும் சேர்த்தே சொன்னது. தாளளவில் பிரிட்டிஷ் இந்தியாவின் கை ஓங்கியே இருந்தது.

அப்படியிருந்தும் அடைக்கலம் நிலைத்ததற்கு, பிரான்சின் அரசியல் மரபையும் உள்ளூர் மக்களின் ஆதரவையும் தவிர இன்னொரு காரணம் இருந்தது. உடன்படிக்கை ‘நீதிமன்ற நடவடிக்கை தொடங்கப்பட்டவர்’ என்று கேட்கிறது. வழக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அரவிந்தர் விஷயத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. அவர் 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்து புதுச்சேரியில் இறங்கினார். ‘கர்மயோகின்’ இதழில் 1909 டிசம்பரில் வெளிவந்த ‘என் நாட்டு மக்களுக்கு’ என்ற கட்டுரைக்காக அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, அதே நாட்களில் அவர்மீது பிடியாணை பிறந்தது. இதழை அச்சிட்டவர் கல்கத்தாவில் தண்டிக்கப்பட்டார். அவருடைய மேல்முறையீட்டில், 1910 நவம்பரில், கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுரை அரசத் துரோகம் ஆகாது என்று கூறித் தண்டனையை ரத்து செய்தது. அத்தோடு அரவிந்தர்மீதிருந்த பிடியாணைக்கும் அடிப்படை போயிற்று. அவரைக் காத்ததில் பிரெஞ்சுக் கொடிக்கு உள்ள பங்கைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் கல்கத்தா நீதிபதிகளின் பங்கு அதற்கு இளைத்ததில்லை என்பது என் கருத்து.

பாரதியின் கதை வேறு விதம். அவர் எழுதிவந்த ‘இந்தியா’ இதழின் வழக்கில் 1908-இல் சென்னையில் பதிவு பெற்ற ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். பாரதி புதுச்சேரிக்கு வந்துவிட்டார். பத்தாண்டு கழித்து, 1918 நவம்பரில், அவர் எல்லை தாண்டியபோது கடலூர் அருகே கைதானார். சில வாரச் சிறைக்குப் பின் நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டார். 1908-இன் வழக்கை மறுபடி எடுத்து நடத்த அரசு முனையவில்லை. எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஊகிப்பது வீண். ஆனால் பழைய வழக்கு மூடப்படாமல் கிடந்ததால் பத்தாண்டுக் காலம் ஒரு மனிதர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் காலெடுத்து வைக்க முடியாதிருந்தார். அது ஊகமல்ல.

மார்சேயில் நடந்ததும் மணியாச்சியில் நடந்ததும்

1910 ஜூலையில் சாவர்க்கர் வழக்கு நிகழ்ந்தது. அவர் இலண்டனில் அவ்வாண்டு மார்ச்சில் கைதானபோது சாட்டப்பட்டவற்றில், 1909 டிசம்பரில் நாசிக்கில் நடந்த ஜாக்சன் கொலையோடு தொடர்புடைய குற்றச்சாட்டுகள் மட்டுமில்லை. 1906-இல், இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன், இந்தியாவில் அவர் பேசிய பேச்சுகளும் இருந்தன. நான்காண்டுகளாக எவரும் வழக்காக்காத பேச்சுகள், ஒரு கொலைக்குப் பின் புதிய வெளிச்சத்தில் குற்றமாயின. பழைய செயல் அப்படியே இருக்க, அதைப் பார்க்கும் புலனாய்வு மட்டும் மாறிய சூழல் இது. நாம் பேசும் பொருளின் முதல் வடிவம் இங்கே இருக்கிறது.

மார்சேய் துறைமுகத்தில் ஜூலை 8 அன்று அவர் கப்பலிலிருந்து குதித்துக் கரையேறியதும், பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்துக் கப்பலுக்கே திருப்பிக் கொடுத்ததும் பலரும் அறிந்தவை. தி ஹேக் நடுவர் மன்றம் 1911 பிப்ரவரி 24 அன்று, அவ்வாறு கொடுத்ததில் முறைகேடு இருந்தாலும் பிரிட்டன் அவரைத் திருப்பித் தரக் கடமைப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. இலண்டனில் சாவர்க்கரின் நெருங்கிய தோழராக இருந்த வ.வே.சு. ஐயர், அதற்கு முன்பே 1910-இல், மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்திருந்தார். பிரெஞ்சு மண்ணைத் தொட்ட ஒருவரை எந்த ஒப்படைப்பு நடைமுறையும் இல்லாமல் கொண்டுபோனது பிரான்சில் எழுப்பிய கண்டனம், புதுச்சேரி நிர்வாகத்தை அடுத்த ஆண்டுகளில் எச்சரிக்கையாக நடந்துகொள்ளச் செய்திருக்கும் என்று கருத இடமுண்டு.

அந்த எச்சரிக்கைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று தானும் மாண்டார். புலனாய்வு புதுச்சேரிப் பக்கம் திரும்பியது. வாஞ்சிநாதன் இங்கே வந்து சென்றது, ஐயரோடு பழகியது எல்லாம் காவல் துறையின் குறிப்புகளில் ஏறின. நீலகண்ட பிரம்மச்சாரி முதலான பதினால்வர்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த சதி வழக்கில் 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகளுள் ஒருவரான சங்கரன் நாயர் தம் தீர்ப்பில் பாரதியின் பாடலொன்றை எடுத்தாண்டார் என்பது இலக்கிய வாசகர்கள் மறக்கக்கூடாத செய்தி. புதுச்சேரியில் இருந்தவர்களோ அந்தக் கூண்டில் நிறுத்தப்படவில்லை. பிடிபட்டவர்களைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது. எல்லைக்கு அப்பால் இருந்தவர்களைப் பொறுத்தவரை அது முடியவே இல்லை. ஐயர் சென்னை மாகாணத்துக்குத் திரும்பியது முதல் உலகப் போருக்குப் பின் வந்த பொது மன்னிப்பையொட்டி, 1920-இல்தான்.

இந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு சம்பவம் என் வாதத்துக்கு முக்கியமானது. ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி கிடைத்தது. அதனுள் அரசுக்கு எதிரான சதியைக் காட்டும் தாள்கள் இருந்தன. உளவாளிகள் போட்டுவைத்தவை அவை. தோழர்கள் அவற்றை மறைக்காமல் பிரெஞ்சுக் காவல் துறையிடம் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விசாரணை நீதிபதி வீடுகளைச் சோதித்தார். அரவிந்தர் வீட்டில் அவர் கண்டது கிரேக்க, இலத்தீன் ஏடுகள். பொய்ப் புகார் கொடுத்த மயூரேசன் என்பவர் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டார்.

பொய்ச் சான்றை உருவாக்கும் அளவுக்கு யாருக்கு என்ன தேவை வந்தது? ஏற்கெனவே கையிலிருந்த வழக்குகள் அந்த மனிதர்களை எல்லை தாண்டிக் கொண்டுவரப் போதவில்லை. எழுத்துக் குற்றங்கள் அரசியல் குற்றங்கள். பிரெஞ்சு நிர்வாகம் அவற்றுக்கு இணங்காது. பிரெஞ்சு மண்ணிலேயே சதி நடக்கிறது என்று காட்டினால், பழைய கோப்புகள் வேறு தலைப்பில் உயிர்பெறும். ஒப்படைப்பு மறுக்கப்பட்ட இடத்தில் புலனாய்வைப் புதுப்பிக்கும் ஆசை எழுவது இயல்பு. அந்த ஆசை எங்கே வரை போகும் என்பதற்கு இந்த ஊரின் கிணறு ஒன்று சாட்சியாகிறது. அது கெடுதலில் முடியாமல் போனதற்குக் காரணம், கேட்கப்பட்ட நாட்டின் விசாரணை நீதிபதி வந்த தாள்களை அப்படியே நம்பாமல் தாமே போய்ப் பார்த்ததுதான். இன்றைய ஒப்படைப்புச் சட்டங்கள் மெல்ல மெல்லக் கைவிட்டுவரும் பழக்கம் இது.

கோப்பைத் திறக்கும் அதிகாரம் யாரிடம்?

மீண்டும் திறத்தல் என்பதை எல்லா நாடுகளும் ஒரே அளவில் அனுமதிப்பதில்லை. பிரெஞ்சு நடைமுறையில் விசாரணை நீதிபதி ‘வழக்குத் தொடர இடமில்லை’ என்று முடித்துவிட்டால், புதிய சான்று வந்தாலொழிய அதே செயலுக்காக அந்த நபரை மறுபடி தொட முடியாது. அந்தப் புதிய சான்றின்மேல் வழக்கைத் திறக்கக் கோரும் உரிமையும் அரசு வழக்குத் தொடுநர் ஒருவருக்கே உண்டு. நெப்போலியன் காலச் சட்டத்திலேயே இருந்த கொள்கை இது. பிரெஞ்சு ஆட்சி இருந்தவரை புதுச்சேரி நீதிமன்றங்களிலும் இதுவே நடைமுறை.

இந்திய முறை தாராளமானது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 173(8) பிரிவு, குற்றப்பத்திரிகைக்குப் பின்னும் மேற்புலனாய்வு செய்யக் காவல் துறைக்கு இடமளித்தது. முழுதும் புதிதாகத் தொடங்கும் மறுபுலனாய்வை உயர் நீதிமன்றங்களே ஆணையிட முடியும் என்று 2012-இல் வினய் தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. விசாரணை தொடங்கும்வரை நடுவரும் மேற்புலனாய்வுக்கு ஆணையிடலாம் என்று 2019-இல் வினுபாய் மாளவியா வழக்கில் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 193(9) பிரிவில், விசாரணைக் கட்டத்தில் மேற்புலனாய்வு வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி பெற்று 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலத்தை நீதிமன்றம் நீட்டிக்கலாம்.

இந்தத் தாராளம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரானது மட்டும் என்று எண்ணுவது தவறு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், விரிந்த சதியை ஆராய 1998-இல் அமைக்கப்பட்ட பல்துறைக் கண்காணிப்பு முகமை இருபதாண்டுக்கு மேல் கோப்பைத் திறந்தே வைத்திருந்தது. பல நாடுகளுக்கு விசாரணைக் கோரிக்கைக் கடிதங்கள் போயின. முடியாத அந்தப் புலனாய்வைச் சுட்டித்தான் தண்டனை பெற்றவர்களுள் ஒருவரான பேரறிவாளன் தம் தண்டனையையே கேள்வி கேட்டார்: வெடிகுண்டு எங்கிருந்து வந்தது என்பதே இன்னும் ஆராயப்படுகிறது என்றால் தம் பங்கை எப்படி முடிவு செய்தார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். திறந்த கோப்பு இரண்டு பக்கமும் வெட்டும்.

கேட்ட குற்றமும் விசாரித்த குற்றமும்

ஒப்படைப்புச் சட்டத்தில் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் விதி ஒன்று உண்டு: எந்தக் குற்றத்துக்காக ஒருவர் ஒப்படைக்கப்பட்டாரோ, அதற்காக மட்டுமே அவரை விசாரிக்கலாம். இந்திய ஒப்படைப்புச் சட்டம், 1962-இன் 21-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. மெய்ப்பிக்கப்பட்ட அதே செய்திகளிலிருந்து வெளிப்படும் குறைந்த குற்றம், ஒப்படைத்த நாடு இசைவு தந்த குற்றம் ஆகியவை மட்டும் விலக்கு. மீண்டும் திறந்த புலனாய்வு புதிய குற்றத்தைக் கொண்டுவரும்போது முதலில் உரசுவது இந்த விதியோடுதான்.

மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமின் வழக்கு இதன் முழு நீளத்தையும் காட்டுகிறது. 2002-இல் லிஸ்பனில் பிடிபட்டவரை, மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேற்பட்ட சிறையோ விதிக்கப்படாது என்ற உறுதிமொழியின் பேரில் போர்ச்சுகல் 2005 நவம்பரில் ஒப்படைத்தது. இங்கே வந்தபின் ஒப்படைப்பு ஆணையில் இல்லாத பிரிவுகளும் சேர்க்கப்பட்டன. 2010-இல் இந்திய உச்ச நீதிமன்றம், அதே செய்திகளின் மேல் எழும் குறைந்த குற்றங்கள்தாம் அவை என்று ஏற்றுக்கொண்டது. 2011-இல் லிஸ்பன் நீதிமன்றமோ நிபந்தனை மீறப்பட்டது என்று கூறி ஒப்படைப்பையே முடிவுக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள மேல் நீதிமன்றங்களும் அதை மாற்றவில்லை. கடைசியில் 2013-இல், சேர்த்த பிரிவுகளைத் திரும்பப் பெற சி.பி.ஐ. அனுமதி கேட்க, உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2022 ஜூலையில், 25 ஆண்டு நிறைந்ததும் அவரை விடுவிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

ஒரு நாட்டின் தீர்ப்பு மற்ற நாட்டைக் கட்டுப்படுத்தாது என்பது சட்டப்படி சரி. ஆயினும் நிபந்தனை விதித்தவருக்கே அதன் பொருளைச் சொல்லும் முதல் உரிமை இருக்க வேண்டும். கூடுதல் பிரிவுகள் தேவைப்பட்டபோது போர்ச்சுகலிடம் இசைவு கேட்டிருக்கலாம். சட்டமே அந்த வழியைத் திறந்து வைத்திருந்தது. கேட்காமல் சேர்த்ததால் வந்த சேதம் ஒரு வழக்கோடு முடியவில்லை. அடுத்தமுறை இந்தியா எந்த ஐரோப்பிய நாட்டிடம் உறுதிமொழி தந்தாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் லிஸ்பன் தீர்ப்பு இருக்கும்.

ஒப்படைப்புக்கு முன்பே, கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே, குற்றச்சாட்டு மாறினால்? விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சின் வழக்கு இதற்கான அண்மைய எடுத்துக்காட்டு. 2019 ஏப்ரலில் இலண்டனில் அவர் கைதானபோது அமெரிக்கா வைத்திருந்தது ஒரே குற்றச்சாட்டு. மே மாதம் அது பதினெட்டானது. 2020 பிப்ரவரியில் இலண்டன் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கிவிட்ட பின், ஜூனில் மறுபடி விரிந்த குற்றப்பத்திரிகை வந்தது. எதிர்வாதம் செய்பவர் முதல் தாளுக்குப் பதில் தயாரிக்கும்போது இரண்டாம் தாள் வருகிறது. இது நேர்மையான விசாரணை ஆகாது என்றே எனக்குப் படுகிறது.

அதே மனிதர் விஷயத்தில் சுவீடன் நடந்துகொண்ட விதம் கவனத்துக்குரியது. 2017-இல் கைவிட்ட பாலியல் குற்றப் புலனாய்வை சுவீடன் அரசு வழக்குத் தொடுநர் 2019 மே 13 அன்று மீண்டும் திறந்தார். இரு நாடுகள் ஒரே ஆளைக் கேட்டால் பிரிட்டன் எதற்கு முன்னுரிமை தரும் என்ற விவாதம் சூடுபிடித்தது. உப்சாலா மாவட்ட நீதிமன்றமோ அவரைக் காவலில் எடுக்கும் ஆணையைத் தர மறுத்தது. அவர் பிரிட்டன் சிறையில் இருக்கிறார், ஐரோப்பியப் புலனாய்வு ஆணை மூலம் அங்கேயே அவரை விசாரிக்கலாம் என்பது அதன் காரணம். ஆள் தேவையா, அவரது வாக்குமூலம் தேவையா என்று முதலில் கேட்டது அந்த நீதிமன்றம். நவம்பரில், காலம் கடந்ததால் சான்று வலுவிழந்துவிட்டது என்று வழக்குத் தொடுநரே புலனாய்வை முடித்தார். கோப்பைத் திறந்த கணத்திலேயே ஆளை அனுப்பியிருந்தால், ஆறு மாதத்தில் அவர் வழக்கில்லாத ஒரு நாட்டில் நின்றிருப்பார்.

காலம் என்னும் சுவர்

நெடுநாள் உறங்கிய கோப்பு திறக்கும்போது காலவரம்பு குறுக்கே வருகிறது. இந்தியச் சட்டத்தில் மூன்றாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை. பிரான்சில் உண்டு: 2017-க்கு முன் பெருங்குற்றங்களுக்குப் பத்தாண்டு, இப்போது பொதுவாக இருபதாண்டு. கேட்கும் நாட்டின் சட்டப்படியோ பிரெஞ்சுச் சட்டப்படியோ காலம் கடந்திருந்தால் ஒப்படைப்பு இல்லை என்று பிரெஞ்சுக் குற்ற நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நம் ஒப்படைப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு கேட்கும் நாட்டின் காலவரம்பை மட்டும் பார்க்கிறது. எனவே இந்தியாவில் முப்பதாண்டு கழித்துத் திறக்கும் கொலை வழக்கு இங்கே முழு உயிரோடு இருக்கும். பாரிஸ் வாசலில் அது உயிரற்றுப் போகலாம்.

இந்திய நீதிமன்றங்கள் கேட்கப்பட்டவர் இடத்தில் நின்று இத்தகைய வழக்கொன்றைக் கண்டிருக்கின்றன. சிலியின் செனட்டர் ஹைமே குஸ்மான் 1991 ஏப்ரல் 1 அன்று கொல்லப்பட்டார். பல ஆண்டு கழித்து மீண்டும் கையிலெடுக்கப்பட்ட அந்த வழக்கில் தேடப்பட்ட ஒரு பிரெஞ்சுப் பெண்மணி, 2015-இல் நேபாள எல்லையில் இந்தியாவுக்குள் நுழைந்தபோது பிடிபட்டார். இந்தியாவுக்கும் சிலிக்கும் இடையே ஒப்பந்தம் உண்டா என்பதே முதல் கேள்வியானது. 1897-இல் பிரிட்டனும் சிலியும் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் இருந்தது. அது சுதந்திர இந்தியாவையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. குற்றம் அரசியல் தன்மையுடையதா என்பதை நடுவர் விசாரணையில் ஆராயலாம் என்றும் விட்டது.

இதைச் சென்னையில் தொடங்கிய இன்னொரு வழக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சிங்கப்பூரில் நம்பிக்கை மோசடி சாட்டப்பட்ட ஒரு தம்பதி 1952-இல் சென்னையில் கைதானார்கள். 1881-ஆம் ஆண்டின் பேரரசுச் சட்டம் குடியரசான இந்தியாவில் செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் கூற, அவர்களை அனுப்ப முடியவில்லை. பேரரசு போனதும் பேரரசின் ஒப்படைப்புச் சட்டமும் போயிற்று என்றது அத்தீர்ப்பு. பேரரசு செய்த ஒப்பந்தம் மட்டும் இருக்கிறது என்றது 2016 தீர்ப்பு. சட்ட நோக்கில் இரண்டும் முரண்படவில்லை. ஆனால் நூறாண்டுப் பழைய ஒப்பந்தமும் கால் நூற்றாண்டுப் பழைய குற்றமும் மறுபடி திறந்த கோப்பும் ஒன்றாக வந்து சேரும்போது, அந்தச் சுமை முழுவதும் சிறையிலிருக்கும் ஒருவர் தலையில் இறங்குகிறது. ஒப்பந்தம் அரசிதழில் அறிவிக்கப்படாமலே அவர் காவலில் வைக்கப்பட்டாரா என்று நீதிமன்றங்கள் ஆராய்ந்துகொண்டிருந்த நாட்களிலும் அவர் உள்ளேதான் இருந்தார்.

இரு குடியுரிமைகளின் ஊர்

1954 நவம்பர் 1 முதல் இந்தியா புதுச்சேரியை நிர்வகித்தது. ஆனால் பிரான்சோடு செய்த கையளிப்பு ஒப்பந்தம் உறுதி செய்யப்படும்வரை அது இந்திய ஆட்சிப்பரப்பு ஆகாது என்ற நிலையை மஸ்தான் சாகிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1962 ஆகஸ்ட் 16 அன்று உறுதி செய்தல் முடிந்தது. ஒரு மாதம் கழித்து, செப்டம்பரில், இந்தியாவின் சொந்த ஒப்படைப்புச் சட்டம் பிறந்தது. ஒப்பந்தத்தின்படி இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்களானார்கள். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் சொல்தா குடும்பங்கள் அவர்களில் முக்கியமானவை. பின்னர் திருமணத்தாலும் பிறப்பாலும் அந்த எண்ணிக்கை கூடியது.

இந்தியாவும் பிரான்சும் 2003 ஜனவரியில் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தத்தின்படி தன் குடிமக்களை ஒப்படைக்கும் கடமை எந்த நாட்டுக்கும் இல்லை. பிரெஞ்சுச் சட்டம் இன்னொரு நுணுக்கத்தையும் வைத்திருக்கிறது: ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனா என்பது குற்றம் நடந்த காலத்தை வைத்துப் பார்க்கப்படும். இதைப் புதுச்சேரிக் குடும்பம் ஒன்றில் பொருத்திப் பாருங்கள். இந்தியக் குடிமகனாக இருந்த ஒருவர் திருமணத்துக்குப் பின் 2005-இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெறுகிறார் என்று கொள்வோம். அவர்மீதான நிலமோசடி வழக்கு 2002-இல் நடந்த கிரயத்தைப் பற்றியது என்றால், குடியுரிமை அவரைக் காக்காது. அதே வழக்கை மீண்டும் திறந்து, சதி 2008 வரை தொடர்ந்தது என்று புலனாய்வு அதிகாரி எழுதினால், அதில் ஒரு பகுதியேனும் அவர் பிரெஞ்சுக்காரராக இருந்த காலத்தில் விழுகிறது. வழக்கைப் பெரிதாக்க எடுத்த நடவடிக்கையே ஒப்படைப்பைத் தடுக்கும் காரணமாகிவிடும். காலத்தைப் பின்னோக்கி இழுத்தாலோ காலவரம்பு குறுக்கிடும். மேற்புலனாய்வு அறிக்கையில் எழுதப்படும் ஒரு தேதிக்கு இத்தனை எடை இருப்பதைக் காவல் நிலையத்தில் அதை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும்.

ஒப்படைக்க முடியாதவர் தண்டனைக்கு வெளியே போய்விட்டார் என்று பொருளல்ல. வெளிநாட்டில் தன் குடிமக்கள் செய்த குற்றத்தைப் பிரெஞ்சு நீதிமன்றம் விசாரிக்கலாம். நம் ஒப்படைப்புச் சட்டத்தின் 34-அ பிரிவும் ஒப்படைக்க மறுக்கும் இடத்தில் இங்கே வழக்கு நடத்த வழிசெய்கிறது. குற்ற விவகாரங்களில் பரஸ்பர உதவிக்கென இந்தியாவும் பிரான்சும் 1998-இல் தனி உடன்பாடு செய்திருக்கின்றன. புதுச்சேரிப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் நகல்கள், தடய அறிவியல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றை முறையாக மொழிபெயர்த்து அனுப்பினால் பாரிஸில் வழக்கு நடக்க முடியும். ஆனால் அங்கே ஒருமுறை ‘இடமில்லை’ என்று முடிந்துவிட்டால், புதிய சான்று இல்லாமல் அதைத் திறக்க முடியாது. ஆகவே அரைகுறையான கட்டை அவசரமாக அனுப்புவது, அனுப்பாமலிருப்பதைவிடக் கேடானது.

இந்தியாவின் புதிய நடைமுறைச் சட்டம் 356-ஆவது பிரிவில், தலைமறைவாகிப் பிரகடனம் செய்யப்பட்டவரை அவர் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவும் வழி செய்திருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுக் குடியேறிவிட்ட புதுச்சேரிக்காரர் ஒருவருக்கு அழைப்பாணை உண்மையில் சேர்ந்ததா என்ற கேள்வி இனி அடிக்கடி எழும். ஆளில்லாமல் தீர்ப்பான வழக்கில், அவர் வந்தால் புதிய விசாரணை கிடைக்குமா என்ற உறுதியை ஐரோப்பிய நீதிமன்றங்கள் கேட்கின்றன. அந்த உறுதியைத் தரும் தெளிவான ஏற்பாடு இப்பிரிவில் இல்லை. முதலில் ஆளில்லாமல் முடித்து, பிறகு மேற்புலனாய்வில் திறந்து, அதற்கும் பிறகு ஒப்படைக்கக் கேட்கும் வழக்கு ஒன்று பாரிஸுக்குப் போகும் நாளில், 1910-இல் அரவிந்தர் விஷயத்தில் எழுந்த கேள்வியை அங்குள்ள நீதிமன்றமும் கேட்கும்: இந்தப் பிடியாணைக்குப் பின்னால் நிற்கும் வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது? அதற்கு விடை தரும் தாள், கோரிக்கைக் கட்டின் முதல் பக்கமாக இருக்க வேண்டும் என்ற விதியை இந்திய அரசு இப்போதே வகுக்கலாம். கோரிக்கைக்குப் பின் புலனாய்வு எப்போது திறந்தாலும் கேட்கப்பட்ட நாட்டுக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது, புதிய பிரிவு சேர்த்தால் இசைவு கேட்பது, கைவிட்டால் அன்றே சொல்வது ஆகிய மூன்றுக்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்துறையும் வெளியுறவுத் துறையும் ஒரு சுற்றறிக்கையால் தொடங்கிவிட முடியும்.